அரை நிமிஷத்துக்கு முப்பது

எனக்குப் போன் செய்பவர்கள் இப்போதெல்லாம் முதலில் என்னோடு பேசியாக வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டார்கள், நேற்று யாரோடு சண்டை போட்டார்கள், எதையாவது சொல்ல வேண்டும். அவர்களுடைய குரலைக் கேட்ட பிறகுதான் போனை நெஞ்சில் வைக்க விடுவேன். "இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பது என் காதில் விழத்தான் செய்கிறது. விழட்டும். முன்பெல்லாம் நான் இப்படி யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தியிருந்தால் ஒருத்தி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.

என் தம்பி இதய அறுவை மருத்துவன். ஊரில் அவனுக்குக் 'கஞ்ச டாக்டர்' என்று பெயர். அவன் காதுபடவே சொல்வார்கள், அவனும் பட்டம் வாங்கியவன் போலத் தலையாட்டிக்கொள்வான். ஆஸ்பத்திரிக்கு மாடி கிடையாது, மாடி கட்டினால் லிஃப்ட் போட வேண்டும். வார்டுகளில் ஏசி கிடையாது, பெரிய ஜன்னல்கள்தான். ஒரு தடவை போட்டுக் கழற்றி எறியும் அங்கியை வாங்க மாட்டான், துணி எடுத்துத் தைத்து, வெந்நீரில் அவித்து, திரும்பத் திரும்பப் போடுவார்கள். நடந்து போகும்போது ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் உள்ளே போய் அணைத்துவிட்டுத்தான் மறு வார்த்தை. இப்படி மிச்சம் பிடித்துப் பிடித்து, மற்ற இடங்களில் வீட்டை விற்றுச் செய்கிற ஆபரேஷனை வீட்டில் நிற்கும் பைக்கை விற்றால் போதும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். பைக்கும் இல்லாதவர்களுக்குச் சும்மா செய்வான்.

ஏன்டா உனக்கு இந்தப் பிழைப்பு என்று ஒரு நாள் கேட்டேன்.

"அநாவசியமாச் செலவாகுதுக்கா. பார்த்தாலே எரிச்சலா வருது" என்றான். அவனுடைய தத்துவம் மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் என் வேலையும். இதயத்தில் வால்வு கெட்டுப்போனவர்களுக்கு அவன் உலோக வால்வு வைப்பான். விலை குறைவு, ஆயுசுக்கும் உழைக்கும். இரண்டே தொல்லைகள். ஒன்று, உலோகத்தின் மேல் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, சாகும்வரை. இரண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் அது 'டிக்' என்று சத்தம் போடும். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். இந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ வால்வில் ரத்தம் உறைகிறது என்று அர்த்தம். இதைக் கேட்டுப் பார்ப்பதற்காக நோயாளிகள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, வாசலில் காத்துக் கிடந்து, இரண்டு நிமிஷத்தில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு அது பொறுக்கவில்லை.

நான் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். லைனில் வருகிற கரகரப்பை வைத்தே பழுது எங்கே என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து, வராந்தா ஓரத்தில் ஒரு மேஜையும் போனும் நோட்டும் கொடுத்தான். சம்பளம் கேட்டேன். "அக்காவுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?" என்றான். கஞ்சன்.

அவரவருக்கு ஒரு கிழமை, ஒரு நேரம். அந்த நேரத்தில் கூப்பிட்டு, போனை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். அரை நிமிஷம் கேட்டு, எண்ணி, நோட்டில் எழுதுவேன். தவறாமல் கூப்பிடுகிறவர்களுக்கு மாத்திரைப் பார்சல் மாதாமாதம் வீடு தேடிப் போகும். இரண்டு வாரம் கூப்பிடவில்லையென்றால் பார்சல் நிற்கும், ஆள் தேடிப் போகும். அப்படி ஒரு பிடி இல்லையென்றால், உடம்பு தேறியதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று தம்பி போட்ட சட்டம் இது. ஆறு வருஷத்தில் பதினேழு பேரின் சத்தம் மங்கியதை நான் கண்டுபிடித்திருக்கிறேன். பதினேழு பேரும் பிழைத்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு வாயாடி. அவளுக்கு நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். பதினேழு வயதில் வந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும், அந்த இரைப்பிலும் வாய் மூடாது. அப்பா கிடையாது, அம்மா தையல்காரி. ஆபரேஷனுக்கு முதல் நாள் அந்த அம்மா தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஞ்சுல தழும்பு தெரியாம செய்ய முடியுமா டாக்டர்? நாளைக்கு இவளை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்" என்று அழுதாள். நடு நெஞ்சைப் பிளந்து செய்வதுதான் சுலபம். தம்பி வலது பக்கம், மார்புக்குக் கீழே சின்னதாகத் திறந்து, கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்று செய்தான். அந்தப் பெண்ணிடம், "யாராவது கேட்டா இரும்புக் கேட்டுல ஏறி விழுந்துட்டேன்னு சொல்லிக்கோ" என்று சிரித்தபடி சொல்லியும் அனுப்பினான். அதன் பிறகு வந்த பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்தான், ஒரு பைசா கூட வாங்கவில்லை.

கிளம்புகிற நாளில் சொல்ல வேண்டியதை நான்தான் சொன்னேன். மாத்திரையை ஒரு நாள் கூட விடாதே. கல்யாணமாகிக் குழந்தை வேண்டும் என்று தோன்றினால் முதலில் எங்களிடம் சொல், இந்த மாத்திரை வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது, அதற்குப் பதிலாக ஊசி போட வேண்டும்.

"சரி காதுப் பெரியம்மா" என்றாள். எனக்கு அவள் வைத்த பெயர் அது.

நாலு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறவில்லை. அரை நிமிஷம் எண்ண வேண்டியது, பத்து நிமிஷமாகும். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, அம்மா தைத்த சட்டையில் கை இரண்டும் ஒரே பக்கம் வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். அவளுடைய துடிப்பு அரை நிமிஷத்துக்கு முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்து நாலுவரை ஏறி இறங்கும். சிரித்தால் இன்னும் ஏறும். "சிரிக்காம இருடி, எண்ண வேண்டாமா?" என்று அதட்டினால் அதற்கும் சிரிப்பாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நான் கொஞ்சம் சீக்கிரமாகவே மேஜைக்கு வந்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பதில் அவளுடைய அம்மா பேசினாள்.

"அவ தூங்கறாங்க. கால் சென்டர்ல வேலை கெடச்சிருக்கு, ராத்திரி ஷிஃப்ட். பகல்லதான் தூக்கம். நான் நெஞ்சுல வெக்கிறேன், கேட்டுக்கோங்க."

வைத்தாள். நல்ல கணீரென்ற சத்தம். எண்ணினேன், முப்பது. தூங்குகிற பெண்ணுக்குக் குறைவாகத்தான் இருக்கும். எழுதிக்கொண்டேன். அடுத்த வாரமும் தூக்கம், முப்பது. அதற்கடுத்த வாரமும் முப்பது.

எனக்கு வருத்தமாக இருந்தது. வருத்தம் என்றால் கோபம்தான், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ராத்திரி முழுக்க முன்பின் தெரியாதவனிடமெல்லாம் போனில் பேசுகிறாளாம், என்னிடம் பேச அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. பெரிய வேலைக்காரி ஆகிவிட்டாள். நாம் ஏன் போய்க் கெஞ்ச வேண்டும் என்று நானும் முறைத்துக்கொண்டேன். "அவளை எழுப்பும்மா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் அவள் அம்மாவிடம், "உன் பொண்ணுக்குத் தூக்கத்துல கூட கணக்குத் தப்ப மாட்டேங்குதே" என்று குத்தலாகச் சொன்னேன். அந்தப் பக்கம் பதிலே வரவில்லை.

முன்பெல்லாம் டிக் சத்தத்துக்கு அடியில் அவளுடைய மூச்சும் கேட்கும். இப்போது மூச்சு கேட்கவில்லை. அதையும் நான் கவனித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்ப வேண்டிய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் வரவில்லை. 'சீட்டு வரவில்லை' என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டு, வேண்டுமென்றால் அவளே பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவள் பேசவும் செய்தாள். அது ஒன்பதாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. வேறு ஏதோ நம்பரிலிருந்து.

"காதுப் பெரியம்மா..."

குரலைக் கேட்டதும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "யாரு?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"நான்தான். ஒண்ணு கேக்கணும்."

"ரெண்டு மாசமா நான் உயிரோட இருக்கேனா செத்தேனான்னு தெரியல, இப்பதான் ஞாபகம் வந்துச்சா? இன்னைக்கு வியாழக்கிழமை. உன் நேரம் செவ்வாய்க்கிழமை பதினொன்னு பத்து. அப்ப கேளு."

"இல்ல பெரியம்மா, அப்ப என்னால..."

"எனக்கு நாற்பது பேர் வரிசையில இருக்காங்க" என்று வைத்துவிட்டேன். வைத்த கை வைத்தபடி, திரும்பக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு தடவை கெஞ்சட்டும், பிறகு பேசலாம் என்று நினைத்தேன். அவள் கூப்பிடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி அவள் அம்மாதான். முப்பது.

பதினான்காவது செவ்வாய்க்கிழமை. பதினொன்று பத்துக்கு அம்மா கூப்பிட்டாள், நெஞ்சில் வைத்தாள், எண்ணினேன், முப்பது என்று எழுதினேன். தண்ணீர் குடிக்கலாமென்று எழுந்து வராந்தாவில் நடந்தேன். வாசல் பக்கமிருந்து ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாம்பல் நிற வேலைச் சட்டை போட்ட ஒரு இளைஞன் கூடவே ஓடிவந்தான். ஸ்ட்ரெச்சரில் வாயாடி கிடந்தாள்.

உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தானே இவளுடைய நெஞ்சைக் கேட்டேன், அதற்குள் எப்படி இங்கே வந்தாள்? கிட்டே போனேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, திட்டாதீங்க" என்றாள். பிறகு கையை வயிற்றின் மேல் வைத்தாள்.

குனிந்து அவளுடைய நெஞ்சில் காதை வைத்தேன். மூச்சு கொதிக்கிற பானை மாதிரி இரைந்தது. அதற்கடியில் இதயம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டிக் சத்தம் மட்டும் இல்லை.

தம்பி ஓடிவந்தான். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டான். முகம் மாறிவிட்டது.

"இவளைக் கடைசியா எப்பக்கா கேட்டே?"

"இப்பதான்டா. பதினொன்னு பத்துக்கு. முப்பது."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, இது அஞ்சு நிமிஷத்துல ஆனது இல்ல. வால்வு அடைபட்டு நாளாகுது" என்றான்.

அந்த வேலைச் சட்டைக்காரனிடம் திரும்பி, "நீங்க யாரு?" என்றான்.

"வீட்டுக்காரன் டாக்டர். கல்யாணமாகி மூணரை மாசம் ஆச்சு. முழுகாம இருக்கா. மூச்சு வாங்குறது அதனாலதான்னு நெனச்சோம். எங்க ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, இங்கதான் வரணும்னு ஒரே பிடிவாதம். ரெண்டு மணி நேரமா இந்த ஆஸ்பத்திரி பேரையே சொல்லிட்டு வந்தா."

"மாத்திரை எப்பலேர்ந்து சாப்பிடல?"

"என்ன மாத்திரை?"

"அவங்களுக்கு வால்வு மாத்தி நாலு வருஷம் ஆச்சே."

"யாருக்கு?" என்றான் அவன்.

நான் மேஜைக்குப் போய் அவள் அம்மாவின் நம்பரைப் போட்டேன். இரண்டு தடவை தப்பாகப் போனது.

"இப்ப யார் நெஞ்சுலம்மா போனை வெச்ச?" என்றேன்.

அவள் பேசவில்லை. அந்த மௌனத்துக்குள் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி, மெல்லிசாக, ஆனால் அதே சத்தம். எண்ணத் தேவையில்லை. தையல் மேஜை மேல் டைம்பீஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் பொண்ணு இங்க ஸ்ட்ரெச்சர்ல கெடக்கா. கிளம்பி வா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைப்பதற்குள் அவள் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். உள்ளே போவதற்கு முன்னால் நர்ஸ் அவள் கையிலிருந்த வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். சின்ன வட்ட வாட்ச், பழுப்புத் தோல் பட்டை. என் கைப்பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் வீட்டுக்காரனும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனாம். நகத்தில் கிரீஸ். வால்வு என்றால் என்ன, எதற்காகச் சத்தம் போடும் என்று அவனுக்கு நான்தான் சொன்னேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான், நிறுத்திக்கொள்வான்.

அவள் அம்மா இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். நேராக வந்து மருமகன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் மாப்பிள்ளை மறைச்சேன். அவ சொல்லிடலாம்னுதான் சொன்னா. ரெண்டு எடத்துல சொல்லித்தான் பார்த்தோம், எழுந்து போயிட்டாங்க. மாத்திரைப் பார்சல் என் வீட்டுக்குத்தானே வரும்? அது நின்னுடக் கூடாதேன்னு செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கடிகாரத்துல போனை வெச்சேன். வாரா வாரம் மாத்திரையை டப்பாவுல போட்டு அவகிட்ட குடுத்தேன். அவ சாப்பிடறான்னுதான் நெனச்சேன்." பிறகு நிமிர்ந்து, "சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?" என்றாள்.

அவன் அவளைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தான்.  கட்டியிருப்பானா என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

அந்த டப்பாவை, அவளைக் கொண்டுவந்த வேனில் அவன் போட்டு வந்திருந்த பையில் பிறகு பார்த்தோம். ஐந்து வார மாத்திரை அப்படியே இருந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று நான் நாலு வருஷத்துக்கு முன்னால் சொன்னதை அவள் மறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஊசி போட வேண்டும் என்றதையும் மறந்திருக்க மாட்டாள். தெரியாமல் ஒரு மாத்திரையை விழுங்கலாம், தினம் இரண்டு வேளை ஊசியைத் தெரியாமல் எப்படிப் போடுவது? அதைத்தான் கேட்க வந்திருப்பாள். ஐந்து வாரம் என்றால் எந்த நாளிலிருந்து என்று எண்ணிப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமையிலிருந்து.

ஐந்து மணிக்குத் தம்பி வெளியே வந்தான். தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். எனக்கு அவனை ஐம்பத்து மூன்று வருஷமாகத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே போதும்.

"முடியலக்கா" என்றான். "வால்வை மாத்திட்டேன். இதயம் திரும்ப ஓடல. ஒன்றரை மணி நேரம் பார்த்தேன்."

அவர்கள் இருவரிடமும் அவனே போய்ச் சொன்னான். அந்த வேலையை அவன் யாரிடமும் கொடுக்க மாட்டான். அந்த அம்மா கத்தவில்லை. கழுத்து நாடாவை எடுத்துக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அவளுக்கு என்ன சொல்லி நான் ஆறுதல் சொல்வேன்? அவளுடைய கடிகாரத்தைப் பதினான்கு வாரம் கேட்டுப் பாராட்டியவள் நான்.

தம்பி வராந்தா ஓரம் வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தத் தழும்பை நான் நடு நெஞ்சுல வெச்சிருக்கணும்கா" என்றான். "பாக்கறவன் கேட்டிருப்பான். இவளும் சொல்லியிருப்பா. நான்தான் மறைக்க வழி பண்ணிக் குடுத்தேன். என்ன சொல்லணும்னு வேற சொல்லிக் குடுத்தேன். எத்தனை பொண்ணுங்களுக்கு இப்படிப் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

நான் அந்த வியாழக்கிழமையை அவனிடம் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவன் வார்டுப் பக்கம் நடந்தான். ஊசி போடும் அறை காலியாகக் கிடந்தது, உள்ளே நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அவன் அதைத் தாண்டிப் போனான். அணைக்கவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வாட்ச் ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுக்காரனிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டான். 

"இதை அவ கழட்டவே மாட்டாங்க" என்றான். "தூங்கும்போதுகூட. குளிக்கப் போனாத்தான் கழட்டுவா, கதவைச் சாத்தின அப்புறம். கல்யாணமான புதுசுல, உன் வாட்ச் என்ன இப்படிச் சத்தம் போடுதுன்னு கேட்டேன். பழசு, அப்படித்தான் போடும், தூக்கம் வரலைன்னா சொல்லுங்க, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறேன்னா. வேணாம், இருக்கட்டும்னேன். பழகிடுச்சு. அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

நான் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பத்து நாள் முன்னாடி சத்தம் கொறஞ்சுது. அப்புறம் சுத்தமா இல்ல. வாட்ச் நின்னு போச்சுன்னு நெனச்சேன். அவ அசந்து படுத்திருந்தப்ப மெதுவாக் கழட்டி எடுத்துட்டுப் போயி புது பேட்டரி போட்டேன். கடைக்காரர், இது நல்லாத்தானேங்க ஓடுது, எதுக்கு பேட்டரின்னாரு. சத்தமே வரலையேன்னு அவரோட சண்டை போட்டேன். இந்த வாட்சுல சத்தமே வராதுப்பான்னாரு. எனக்குத் தெரியாதா, மூணு மாசமாக் கேக்கறேன்னு சொல்லி, போடுய்யா புதுசுன்னு போட வெச்சேன்." அவன் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவ கையில நானே கட்டிவிட்டேன். சரிபண்ணிட்டேன், இனிமே ஓடும்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. ஒரு பேட்டரிக்கா இப்படி அழுவாங்கன்னு சிரிச்சேன். தினம் மெஷின் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் சோறு திங்கறேன். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? அன்னைக்கே தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாளா?"

பிழைத்திருப்பாள். பத்து நாளுக்கு முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள். அந்தப் பதினேழு பேரும் அப்படித்தான் பிழைத்தார்கள். அதை அவனிடம் எப்படிச் சொல்ல? இந்தப் பிள்ளை சாகும்வரை அந்த பேட்டரியைச் சுமக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"உன் மேல தப்பு இல்லப்பா" என்றேன். "உனக்கு யாரும் சொல்லல. எனக்குச் சொல்ல வந்தா. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி, ஒரு வியாழக்கிழமை எனக்குப் போன் பண்ணா. ரெண்டு மாசம் என்கிட்ட பேசலைன்னு எனக்குக் கோபம். செவ்வாய்க்கிழமை கூப்பிடுன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன்."

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். தம்பி திரும்பி வந்திருந்தான், கையில் அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று முகம் சொன்னது. ஒரு வார்த்தை திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவன் வந்து எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அந்தப் பையன் வாட்சை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது ஏதாவது ஒன்று யாரிடமாவது மிச்சம் இருக்காதா என்று தேடுகிற முகம் அது.

"அன்னைக்கு என்னம்மா சொன்னா?"

"ஒண்ணு கேக்கணும்னு சொன்னா."

"என்ன கேக்கணும்னா?"

ஆறு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைக் கேட்டவள் நான். 

"அதுக்குள்ள வெச்சுட்டேன்பா" என்றேன்.